நாலு புள்ளி இரண்டு மீட்டர்

யாரும் நம்பப்போவதில்லை. நம்பவும் வேண்டாம். ஆனால் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை 6.50, நல்ல வெளிச்சம். எனக்குக் காய்ச்சல் இல்லை. தூக்கக் கலக்கம் இல்லை...

இப்படித்தான் அவள் மனதுக்குள் ஆரம்பிப்பாள். வாய்விட்டு ஒருவரிடமும் சொன்னதில்லை.

அவளும் அக்காவின் கணவரும் படகுச் சங்கத்துத் தொண்டர்கள். விடுமுறை நாட்களில் சொந்தப் படகில் போய், கடல் வரைபடத்தில் போட்டிருக்கும் ஆழம் சரிதானா என்று அளந்து, படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டு வரைபட அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அந்த எண்ணை நம்பித்தான் மற்றவர்கள் படகு ஓட்டுவார்கள். போன வருடம் முகத்துவாரத்துக்கு மட்டும் இருவரும் போகவில்லை. மழை. "அங்க என்ன, புதுசா மலையா முளைச்சிருக்கப் போகுது?" என்றார் அத்தான். பழைய வரைபடத்தைப் பார்த்து அவள் 4.2 மீட்டர் என்று எழுதினாள். கையெழுத்தும் போட்டாள்.

அதிலிருந்து பதினோராம் நாள் அந்த இடத்தில் ஒரு படகு உடைந்தது. ஓட்டிப்போன தகப்பன் பிழைத்தான். ஏழு வயது மகள் பிழைக்கவில்லை. பாறையில் இடித்தது என்று அவன் கதறினான். அங்கே பாறையே இல்லை, 4.2 மீட்டர் தண்ணீர் என்றது வரைபடம். கண்மூடித்தனமாக ஓட்டி மகளைக் கொன்றான் என்று அவன்மேல் வழக்கு. திங்கட்கிழமை தீர்ப்பு. அதற்குமுன் ஒருமுறை அளந்து தரும்படி அலுவலகம் இவர்களுக்கே எழுதியது.

அளக்கிற கயிற்றின் நுனியில் ஈயக் குண்டு. குண்டின் அடியில் ஒரு குழி. அதில் மெழுகை அப்பி இறக்கினால், கீழே இருப்பது மணலோ சேறோ ஒட்டிக்கொண்டு வரும். அன்று மெழுகு டப்பா காலி. முந்தின வாரம் தன் மகள் பிறந்தநாளுக்கு வாங்கிய மெழுகுவத்தியின் மிச்சத்தை உருக்கி எடுத்து வந்திருந்தாள். ரோஸ் நிறம். உள்ளே வெள்ளி ஜிகினா.

6.50. குண்டை இறக்கினாள். தட்டியது. 4.2.

அப்பாடா என்றிருந்தது. ஒரு குழந்தை செத்த இடத்தில் முதலில் வந்தது அந்த அப்பாடாதான். அதை அவள் இன்னும் மறக்கவில்லை.

"பாத்தியா? வருஷம் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிஞ்சே," என்று சிரித்தார் அத்தான்.

6.57. சிவப்பு மிதவைப் பக்கம் போனார்கள். கப்பல் போகிற வழி. பன்னிரண்டு மீட்டருக்குக் குறையாது. கயிறு சரிதானா என்று பார்க்க அங்கேயும் இறக்கினாள்.

4.2.

"கயிறு சிக்கியிருக்கும்."

சிக்கவில்லை.

7.05. மறுபடி பழைய இடம். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. அவளுக்கு என்ன தோன்றியதோ, துடுப்பை எடுத்து நேராகக் கீழே குத்தினாள்.

டக்.

கல். ஒரு மீட்டர்கூட இல்லை.

"ஏதாவது மரக்கட்டையா இருக்கும்." அத்தான் அவள் பக்கம் திரும்பவில்லை.

துடுப்பைக் கல்லில் ஊன்றியபடியே, அதை ஒட்டிக் குண்டை விட்டாள். கயிறு இறங்கியது. கல் இருக்கிற இடத்தில்... கல்லுக்குள்ளே... இறங்கிக்கொண்டே இருந்தது.

4.2. நின்றது.

தரையில் தட்டி நிற்கவில்லை.

யாரோ பிடித்து நிறுத்தினார்கள்.

நான் எழுதினதையே எனக்குத் திருப்பித் தருது...

கயிறு சுண்டியது. ஒருமுறை.

விட்டது.

இழுத்தாள். மணல் இல்லை. சேறு இல்லை. மெழுகில் பாதியைக் காணோம். மீதியில்...

நான்கு விரல் தடம்.

சின்ன விரல்கள்.

அத்தான் குண்டை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்து அழித்தார்.

7.50. படகுக் கொட்டகை வாசலில் அந்தத் தகப்பன் நின்றிருந்தான்.

"என்ன ஆழம் சார்?"

"நாலு புள்ளி ரெண்டு. பாறையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பெத்த பொண்ணக் கொன்னுட்டுக் கல்லு மேல பழி போடாதே. போ."

அவன் போகவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"பாப்பா கரை ஒதுங்கினப்போ கை இறுக்க மூடியிருந்துச்சு. டாக்டர்தான் விரலைப் பிரிச்சு இதை எடுத்தாரு. ஒரு வருஷமா எல்லார்கிட்டயும் காட்டறேன். என்னன்னு யாருக்கும் தெரியல. நீங்க கடல்ல போறவங்க... உங்களுக்குத் தெரியுமாக்கா?"

திறந்தாள். பஞ்சின்மேல் ஒரு மெழுகுத் துண்டு.

ரோஸ் நிறம். வெள்ளி ஜிகினா.

அந்த மெழுகுவத்தியை அவள் வாங்கி எட்டு நாள்தான் ஆகிறது.

அத்தான் படிவத்தை மேசையில் அவள் முன்னால் தள்ளினார். 4.2 என்று அவரே எழுதி வைத்திருந்தார்.

"கையெழுத்தப் போடும்மா. நேரமாகுது."

அவள் பேனாவை மூடி, படிவத்தின் மேல் வைத்தாள்.

"நான் போடல அத்தான்."