வெயிலில் இறக்கிய கம்புகள்

ஒன்பது மீட்டர். முதலில் இதை மனதில் வையுங்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை வெட்டும் அலுமினியக் கம்பின் நீளம் அது. நுனியில் இரும்பு அரிவாள். இடி இடிக்கும்போது அதைத் தூக்கிப் பிடித்து நிற்கிறவன் மின்னலை வா வா என்று கூப்பிடுகிறான்.

மலேசியாவில், ஈஜோக் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பதினான்கு வெட்டுக்காரர்களை வேலை வாங்கும் மண்டோர் தனேஸ்வரி. வயது ஐம்பத்தொன்று. பத்தொன்பது வருடம் மரத்தடியில் குனிந்து உதிரிப்பழம் பொறுக்கினாள். முழங்கால் இரண்டும் அதற்குச் சாட்சி. கணவர் நாராயணசாமி செரண்டாவில் தொழிற்சாலைக் காவலாளி. மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார். அந்த டிவிஷனில் வெட்டுக்காரர்களுக்கு மண்டோர் ஆன முதல் பெண் இவள்தான்.

வெட்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம். மழை வந்தால் கம்பைக் கீழே போடமாட்டார்கள். தரையில் கிடந்தால் டிராக்டர் ஏறிவிடும். மறுபடி தூக்கி நிறுத்த இடுப்பு ஒடியும். ஆகவே மரத்தில் செங்குத்தாகச் சாய்த்துவிட்டு, அதே மரத்தடியில் குந்தி சிகரெட் பற்றவைப்பார்கள். அப்படிச் சாய்த்த ஒரு கம்பில் மின்னல் இறங்கியதை தனேஸ்வரி கண்ணால் பார்த்திருக்கிறாள். கம்புக்காரன் ஒண்ணுக்குப் போயிருந்தான். அதனால் பிழைத்தான்.

மண்டோர் ஆன அன்றே சட்டம் போட்டாள். இடி வந்தால் கம்பு படுக்க வேண்டும். வெட்டிய மட்டைகளை அடுக்கும் வரிசையின் மேல் போட்டால் டிராக்டர் ஏறாது. ஆட்கள் எல்லாரும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் கட்டடத்துக்கு வந்துவிட வேண்டும்.

சட்டத்தில் குறையில்லை. நேரத்தில்தான் கோட்டை விட்டாள். இந்த ஏப்ரலில் கருமேகம் கண்டு இரண்டு முறை வேலையை நிறுத்தினாள். இரண்டு முறையும் மேகம் ராவாங் பக்கம் போய்விட்டது. ஒரு சொட்டு விழவில்லை. லோரி அரைச் சுமையோடு மில்லுக்குப் போனது. உதவி நிர்வாகி திவாகரன், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவன், அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, இன்னொரு தடவ சும்மா நிறுத்துனீங்கன்னா என்னால மேல பதில் சொல்ல முடியாது. வேற மண்டோர் போட்டுருவாங்க. நீங்க மறுபடி உதிரிக்குத்தான் போகணும்."

"சரிங்க சார்," என்றாள். முழங்கால் மட்டும் பிரச்சினை இல்லை. வருகிற மண்டோர் கம்பைப் படுக்க வைக்கமாட்டான். அது அவளுக்குத் தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. கடல் பக்கம், கோலசிலாங்கூர் திசையில், லேசாக ஓர் உறுமல்.

"லோரி சத்தம்லா மண்டோரக்கா," என்றான் சில்வெஸ்டர். வெட்டிலும் வாயிலும் அவனை மிஞ்ச ஆளில்லை.

"லோரிக்கு மின்னல் வருமா? அங்க பாரு."

தனேஸ்வரி விசிலை வாயில் வைத்தாள். உடனே ஊதவில்லை. தலைக்கு மேலே வானம் பளிச்சென்று இருந்தது. பிறகு ஊதினாள்.

பதினான்கு கம்புகளும் வெயிலில் படுத்தன. ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டடத்துக்கு வந்தார்கள்.

"இன்னிக்கும் மழ வரலன்னா நாளைக்கு அக்கா உதிரி பொறுக்கும். சாக்கு நான் குடுக்குறேன்," என்றான் சில்வெஸ்டர்.

"நீ வெட்டுற லட்சணத்துக்கு உதிரி நெறயக் கெடக்கும்டா. ஒரு சாக்கு பத்தாது."

சிரிப்பு அடங்குவதற்குள் திவாகரனின் வண்டி வந்து நின்றது.

"என்னக்கா இது, வெயிலு இப்படி அடிக்குது." ஆட்களைப் பார்த்து, "கம்பத் தூக்குங்கப்பா," என்றான்.

யாரும் எழவில்லை. சில்வெஸ்டர் பாட்டிலைத் திறந்து நிதானமாகத் தண்ணீர் குடித்தான். "கீழ வைக்கச் சொன்னது மண்டோரு. அவங்க சொன்னா தூக்குறோம் சார்."

இவ்வளவு நேரம் கிண்டல் பண்ணிய அதே வாய். தனேஸ்வரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"சார், மின்னலப் பாத்ததும் எண்ணுங்க. இடி கேட்டதும் நிறுத்துங்க. நான் எண்ணல. நீங்களே எண்ணுங்க."

கடல் பக்கம் ஒரு கீற்று. அவன் வேண்டாவெறுப்பாக எண்ணினான். இருபத்தாறு.

"தூரந்தானே அக்கா."

"இருங்க."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பதினேழு. வெயில் மங்கியது. காற்று மட்டைகளையெல்லாம் ஒரே பக்கமாகச் சீவியது. அதற்கடுத்தது எட்டு. எண்ணும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் எண்ணவில்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக விழுந்தன. பார்த்தால் திவாகரன் மூலையில் கிடந்த உரமூட்டை மேல் ஏறி நிற்கிறான்.

"எறங்குங்க சார்," என்றான் சில்வெஸ்டர். "உரத்த மிதிச்சா நாங்க மேல பதில் சொல்லணும்."

மழை வாளி வாளியாகக் கொட்டியது. வெக்கை போன இடம் தெரியவில்லை. தனேஸ்வரி பிளாஸ்கைத் திறந்து திவாகரனுக்கும் ஒரு மூடித் தேநீர் ஊற்றினாள். வெளியே கம்புகள் படுத்தே கிடந்தன. பார்க்கப் பார்க்க அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

"அந்த ரெண்டு தடவையும் மேகத்தப் பாத்து நிறுத்துனேன் சார். அது என் தப்புதான். இனிமே எண்ணித்தான் நிறுத்துவேன். எத்தனைல நிறுத்துறதுன்னு இப்பவே பேசி எழுதிருவோம்."

அவன் பத்து என்றான். அவள் நாற்பது என்றாள். சம்பளப் பேச்சுவார்த்தை கெட்டது போங்கள். அவன் பதினைந்துக்கு ஏறினான்.

"கடைசி வரிசைலருந்து இங்க நடந்து பாத்துருக்கீங்களா சார்?"

"சரி, இருபது."

"மொதல்ல நீங்க எண்ணுனது எவ்ளோ?"

"இருபத்தாறு."

"அப்ப வெயில் அடிச்சுச்சு. அதுக்கு முன்னயே நிறுத்துனதாலதான் இவனுங்க இங்க ஒக்காந்திருக்கானுங்க. இருபதுன்னா பாதி வழில மாட்டியிருப்பானுங்க."

அவன் தேநீரைக் குடித்து முடித்தான். மூடியை உதறித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எழுதுறேன் அக்கா," என்றான்.

மறுநாள் காலை பெரட்டில், மலாயிலும் தமிழிலும் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் பலகையில் ஒட்டியிருந்தது. உதிரிக்கு அனுப்பும் பேச்சு அதோடு நின்றது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிக்கை இதற்குக் குறைந்தால் கம்பு கீழே, வேலை நிறுத்தம், மண்டோர் யாரையும் கேட்க வேண்டியதில்லை: முப்பது.