காலையில் மட்டும் சத்தம் போட்ட மூலை

வெள்ளிமலை இலக்கியாவுக்கு இருபத்தெட்டு வயதாகியும் ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. வாய்த்ததோ உட்கார்ந்தே பார்க்கும் வேலை. விமானம் இறங்கும் கான்கிரீட் தளத்தைக் கணினிக்குள் கட்டி, அதன்மேல் விமானத்தின் எடையை ஏற்றி, எங்கே விரிசல் விடும் என்று சொல்ல வேண்டும். கம்பெனி சென்னையில். இவள் சிக்னலைத் தேடிக்கொண்டு வீடு முழுக்க நடப்பாள்.

போன மாதம் ஒரு விமான நிலையத் தளத்தின் கனத்தில் மூன்று சென்டிமீட்டர் குறைக்கலாம் என்று கண்டுபிடித்தாள். மேலாளர் சிவசங்கர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அந்தத் தெம்பில், வீட்டில் கேழ்வரகு அடிக்கப் புதிதாகப் போட்ட கான்கிரீட் களத்துக்கும் அவளே கனம் சொன்னாள்.

"ஆறு அங்குலம் எதுக்கு? நாலே ஜாஸ்தி" என்று கொத்தனாரின் வாயை அடைத்தாள்.

அண்ணன் முருகவேல் கதிரைப் பரப்பி, அதன்மேல் ஜீப்பை ஓட்டி மணி உதிரத் தாளடிப்பான்.

"காலைல மூலையில ஏறுனா டொக்குடொக்குங்குது. மத்தியானம் கம்முனு கெடக்குது" என்றான்.

மூன்றாம் நாள் விடிகாலை அந்த மூலை முக்கோணமாக உடைந்தது.

"ஏரோப்ளேனுக்கே கணக்கு போட்டுக்கினு இருக்கற, ஒரு ஜீப்பு தாங்கலையாடி?" என்றாள் அம்மா ராணியம்மாள்.

இலக்கியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விமான நிலையத் தளம்தான் நினைவுக்கு வந்தது. குளிரில் தளத்தின் மேல்பக்கம் சுருங்கும்போது மூலைகள் மண்ணை விட்டு லேசாகத் தூக்கிக்கொள்ளும். வெயில் ஏறினால் படிந்துவிடும். அவளுடைய கணினித் தளமோ ராத்திரி பகல் பாராமல் மண்ணோடு ஒட்டியே கிடந்தது. வெயிலையும் குளிரையும் அவள் சேர்க்கவே இல்லை.

சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட்டினாள். முடிய இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் களத்தைப் பத்துத் தடவை சுற்றிவிட்டாள். கடைசியில் திரையில், விரிசல் விடும் இடமாக மூலைகள் சிவந்து நின்றன.

உடனே சிவசங்கரைக் கூப்பிட்டாள்.

"ரிப்போர்ட் நாளைக்குப் போகுதேம்மா. ஒன்ன பாராட்டுனதே அந்த மூணு சென்டிமீட்டருக்குத்தான்."

"அத திருப்பிச் சேத்துடுங்க சார். தப்பு என்னுதுன்னே எழுதுங்க."

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"எங்க களம் ஒடஞ்சிடுச்சி சார்."

சிவசங்கர் உடைந்த மூலையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

களத்துக்கு ஓடினாள். மூலையைக் காணோம். அம்மா அதன்மேல் கதிரை அள்ளிப் போட்டு மூடியிருந்தாள்.

"நாலு பேரு பாத்தா ஒன்னிய இன்னா நெனப்பாங்க?" என்றாள், மகள் முகத்தைப் பாராமல்.

இலக்கியா மண்டியிட்டு, இரண்டு கையாலும் கதிரை ஒதுக்கத் தொடங்கினாள்.