நெர்சாவின் முப்பத்தெட்டுப் பந்துகள்

சான் எலாதியோவில் சர்க்கரை ஆலையை இழுத்து மூடிப் பதினொரு வருடம் ஆகிறது. ஊருக்கு மிஞ்சியது ஒரு பேஸ்பால் அணியும், அதைப் பற்றிய சண்டையும்தான். பூங்காவின் மூன்றாவது பெஞ்சில் காலை ஒன்பது மணிக்குச் சண்டை தொடங்கும். மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ரொட்டி வந்தாலும் வராவிட்டாலும் அது மட்டும் நிற்காது.

அந்தப் பெஞ்சுக்கு ஒரு சங்கம் உண்டு. செருப்புப் பெட்டி அட்டையை வெட்டி, சங்கத் தலைவரான முடிதிருத்துபவர் கான்திதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அட்டை ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும். ஒரு விவரத்தை அடித்துச் சொல்ல வேண்டுமானால் அட்டையைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். சொன்னது பொய் என்று தெரிந்தால் அந்த சீசன் முழுக்க அட்டை பறிபோகும். அட்டை இல்லாதவன் கேட்கலாம், பேச முடியாது.

பொய்யா மெய்யா என்று தீர்மானிப்பது நெர்சா ஃபிகெரேதோவின் குறிப்பேடு. மைதானத்தில் இருபத்திரண்டு வருடமாக அதிகாரபூர்வ கணக்கெழுதுபவள் அவள். ஒவ்வொரு பந்து வீசப்படும்போதும் இடது பையிலிருந்து ஒரு கறுப்பு பீன்ஸை எடுத்து வலது பையில் போடுவாள். ஆட்டம் முடிந்ததும் வலது பையில் இருப்பதை எண்ணி எழுதுவாள். ரேஷனில் வாங்கிய பீன்ஸ். எண்ணி முடித்தபின் அதுவே இரவுச் சாப்பாட்டுக்கு வேகும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பீன்ஸ்கூடத் தவறியதில்லை என்று ஊர் சொல்லும். அப்படிச் சொல்லும்போதெல்லாம் நெர்சா எரிச்சலோடு எழுந்து போய்விடுவாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு, அரையிறுதியில், யோஸ்பெல் என்ற பத்தொன்பது வயது வீச்சாளன் நூற்றிருபத்தாறு பந்து வீசினான். தொண்ணூறுக்கு மேல் வீசியவன் நான்கு நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்பது லீக் விதி. யார் வீச வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் மேனேஜர் எவரிஸ்தோ சாலாஸின் கையில். அவர் நெர்சாவின் மேஜைக்கு வந்து குனிந்தார். "அக்கா, எண்பத்தெட்டுன்னு போடுங்க. ஊருக்காகத்தான்." யாரும் மிரட்டவில்லை, யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அவள் எண்பத்தெட்டு என்று எழுதினாள்.

இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் மறுபடி வீசிய யோஸ்பெலின் முழங்கைத் தசைநார் நாலாவது இன்னிங்ஸில் கிழிந்தது. கோப்பை வந்தது. ஊர் சாலாஸைத் தோளில் தூக்கியது. யோஸ்பெல் இப்போது குதிரை வண்டி ஓட்டுகிறான், கடிவாளத்தை இடது கையில் பிடித்து. தொப்பியைக் கழற்ற வேண்டுமானால் தலையைக் கைக்குக் கொண்டுவருகிறான். கை தலைக்குப் போவதில்லை. நெர்சாவின் சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. அதில் வேகவைக்காத முப்பத்தெட்டு பீன்ஸ். ரேஷன் வராத மாதங்களிலும் அவள் அதைத் தொட்டதில்லை.

இந்த வருடம் அதே கதை மறுபடி தொடங்கியது. வியாழக்கிழமை ராய்னெல் என்ற இருபது வயதுக்காரன் நூற்றுப் பதினெட்டு பந்து வீசினான். சாலாஸ் மேஜைக்கு வந்தார். நெர்சா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நூற்றுப் பதினெட்டு என்றே எழுதினாள். வெள்ளிக்கிழமை மைதானச் சுவரில் ஒட்டிய தாளில் எண்பத்தெட்டு என்று இருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து, அவள் போடாதது. லீக் அதிகாரியிடம் போனாள். அவர், "எண்ணுறதுல தப்பு வர்றது சகஜம்மா, வயசாகுதில்ல" என்றார். ஞாயிற்றுக்கிழமை ராய்னெல்தான் வீசுகிறான் என்று அறிவிப்பும் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை நெர்சா குப்பியோடு பூங்காவுக்குப் போனாள். சண்டை ஏற்கெனவே சூடாகி இருந்தது.

"ஆலை மூடினப்ப எந்த அமைச்சர் வந்தான்? எவன் வந்தான்?" என்று கான்திதோ கேட்டுக்கொண்டிருந்தார். "மனுஷன் ரெண்டு கோப்பை கொண்டாந்தாரு. அவரப் போல மேனேஜர் இந்தத் தீவுலயே இல்ல."

"கோப்பைய வச்சு காப்பி குடிக்கிறீங்களாக்கும்" என்றான் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் ஒஸ்மானி. "ஆனா நல்ல மேனேஜர்தான், ஒத்துக்கறேன்."

"அவன் மேனேஜர் இல்ல, கசாப்புக்காரன்" என்றாள் நெர்சா.

கான்திதோ சிரிக்க முயன்றார். "என்னக்கா, காலையிலயே?"

"ராய்னெல் வியாழக்கிழமை நூத்திப்பதினெட்டு வீசினான். நாளைக்கு வீசினா கை போயிடும்."

"சுவத்துல எண்பத்தெட்டுன்னு இருக்கே. உங்க கையெழுத்துதானே?"

"என் கையெழுத்து இல்ல."

"அக்கா," என்று ஒஸ்மானி இழுத்தான், "இருபத்திரண்டு வருஷமா உங்க ஏடு சொன்னா நாங்க வாய மூடிக்கிட்டோம். இன்னிக்கு ஏடே பொய்யின்னா எப்படி? ஏடு பொய் சொல்லாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

நெர்சா தன் அட்டையை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். பக்கத்தில் குப்பியை வைத்தாள்.

"ஏடு பொய் சொல்லும். ஏன்னா நான் அதுல பொய் எழுதியிருக்கேன். யோஸ்பெல் அன்னிக்கு வீசினது நூத்தி இருபத்தாறு. நான் எழுதினது எண்பத்தெட்டு. மிச்சம் இந்தக் குப்பியில இருக்கு. எண்ணிக்கோங்க."

யாரும் எண்ணவில்லை. இரண்டு கோப்பைகளில் ஒன்றை அவள் தன் கண்முன்னே உடைத்துவிட்டதுபோல் கான்திதோ பார்த்தார்.

"ஏன் சொல்றீங்க இத? இத்தன வருஷம் வாய மூடிட்டு இருந்தீங்கள்ல?"

"ஆமா, மூடிட்டுத்தான் இருந்தேன். அந்தப் பையன் என் தெருவழியாத்தான் வண்டி ஓட்டுறான் கான்திதோ. தினமும் 'காலை வணக்கம் அக்கா'ங்கறான். அவனுக்குத் தெரியாது. ஜெயிச்சா நல்லவன், தோத்தா கெட்டவன்னு நீங்க பேசுறீங்க. ஒரு கையைத் தின்னுட்டு ஜெயிச்சவன எந்தக் கணக்குல எழுதுவீங்க? எனக்குச் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

கான்திதோ அவளுடைய அட்டையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "விதி விதிதான். பொய்யின்னு நீங்களே சொல்லிட்டீங்க. இந்த சீசன் உங்களுக்குப் பேச்சு கிடையாது."

அன்று மாலைக்குள் மைதானத்திலிருந்தும் ஆள் வந்தது. அவள் இனிக் கணக்கெழுத வேண்டியதில்லை. கையெழுத்தைத் திருடியவன் வேலையில் இருக்கிறான். உண்மையைச் சொன்னவள் வீட்டில் இருக்கிறாள். பதவியில் இருப்பவர்களின் நியாயத்துக்கு எந்த நாட்டிலும் இந்த முகம்தான்.

அன்றே வண்டியை நிறுத்தி யோஸ்பெலிடமும் சொன்னாள். அவன் குதிரையைத் தட்டிவிட்டுப் போனான். காலை வணக்கம் இனிமேல் கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. அது அவளுக்குச் சேர வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நெர்சா காசு கொடுத்து உள்ளே போய் வெயில்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். இடது பை நிறைய பீன்ஸ், வலது பை காலி. ராய்னெல் முதல் பந்தை வீசியதும் சத்தமாக, "ஒண்ணு" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ரெண்டு." யாரோ உச்சுக்கொட்டினார்கள். முப்பதைத் தாண்டியபோது தொண்டை கட்டியது. நாற்பத்தொன்றை அவள் சொல்வதற்குள் பின்னாலிருந்து வேறொரு குரல் சொன்னது. யோஸ்பெல். மேல்படியில், வலது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. "நாப்பத்திரண்டு" என்றான்.

அறுபதில் ஒஸ்மானி சேர்ந்துகொண்டான். எழுபதில் வெயில்பக்கம் முழுக்க. எண்பதில் கான்திதோவின் சங்கமே எழுந்து நின்றது, கான்திதோ மட்டும் உட்கார்ந்திருந்தார். எண்பத்தெட்டாவது பந்துக்கு மைதானமே "எண்பத்தெட்டு" என்று இடித்தது. சாலாஸ் அணி உட்காரும் கூரைக்கடியிலிருந்து வெளியே வந்து படிக்கட்டை முறைத்தார். உள்ளே போனார். "எண்பத்தொம்பது." "தொண்ணூறு." மூவாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் நடந்துபோய் ராய்னெலின் கையிலிருந்து பந்தை வாங்கினார்.

ராய்னெல் வலது கையை உயர்த்தித் தொப்பியைக் கழற்றிக் கூட்டத்துக்குக் காட்டினான். நெர்சா அந்தக் கையை மட்டும் பார்த்தாள்.

மாற்று வீச்சாளன் இரண்டு ஓட்டம் விட்டுக்கொடுத்தான். அணி தோற்றது.

திங்கள் காலை மூன்றாவது பெஞ்சில் கான்திதோ அட்டையை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். "சரியான நேரத்துல எடுத்தாரு பாத்தியா? தோத்தாலும் பரவால்லன்னு பையன் கையைக் காப்பாத்தினாரு. இவரப் போய் கசாப்புக்காரன்னாங்க. நல்ல மேனேஜர்னா இதான்."

நெர்சா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அவரா எடுத்தாரு?" என்றாள். "மூவாயிரம் பேர் தொண்டை கிழிய எண்ணினோம்."

"அக்கா, உங்களுக்கு அட்டை கிடையாது. பேசக் கூடாது."

"தெரியும்" என்று சொல்லி நெர்சா பெஞ்சில் உட்கார்ந்தாள். "இப்ப நீ கேளு."