தராசு வளர்த்த நாய்

லாரி ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு. முகத்துக்கு நேரே 'தராசண்ணே' என்பார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் சொல்வது அச்சில் ஏறாது. கிடங்குகள் வரிசையாக நிற்கும் சாலையில் ஓர் எடைமேடை, அதன் ஓரத்தில் கண்ணாடி சன்னல் வைத்த ஓர் அறை. அதற்குள் உட்கார்ந்து லாரியை வெறுமையாக ஒரு முறை, சரக்கோடு ஒரு முறை நிறுத்துப் பார்ப்பது அவருடைய உத்தியோகம். உலகத்தில் யாரும் தன் உண்மையான எடையைத் தானாக ஒப்புக்கொள்வதில்லை என்பது அந்த சன்னல் வழியாக அவர் கண்டறிந்த தத்துவம். சரக்கைக் குறைத்துக் காட்ட நினைப்பவன் பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே ஒரு சாண் விட்டு நிறுத்துவான். தராசு தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கமாட்டார். மைக்கில் குரல் மட்டும் வரும்.

"பின்சக்கரத்தை ஏத்துப்பா. நானும் வீட்டுக்குப் போகணும்."

நாய் வந்ததும் அந்த மேடை வழியாகத்தான். எவனோ ஒரு லாரிக்காரன் தார்ப்பாய் மடிப்புக்குள்ளிருந்து ஒரு குட்டியை எடுத்துக் கீழே விட்டுவிட்டுப் போய்விட்டான். தராசு விளையாட்டுக்கு அதை மேடையின் நடுவில் நிறுத்தினார். எதிரே இருந்த திரை பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. முழு லாரியே ஏமாற்றத் திணறும் மேடையை அது வாலை ஆட்டியபடியே ஏமாற்றிவிட்டது. கிராம் என்று பெயர் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"ஒண்ணு இந்த வீட்டுல நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும்" என்றாள் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், சொன்னால் சொன்னதுதான். ஒரு வாரம் கழிந்தது. செருப்பைக் கடித்ததற்காகத் தராசு நாயை அதட்டியபோது, "குழந்தைகிட்ட எதுக்குக் கத்தறீங்க?" என்று கேட்டவளும் அவளேதான்.

வீட்டில் மூன்றாவது ஆள் மனைவியின் தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். மூன்று பேர், மூன்று வேலை நேரம், மூன்று சாப்பாட்டு நேரம். யார் கதவைத் திறந்தாலும் கிராம் ஓடிவந்து வரவேற்கும் விதமே தனி. வெளிநாடு போய்த் திரும்பியவருக்குக்கூட அத்தனை உபசாரம் நடக்காது. உபசாரம் முடிந்ததும் நக்கித் துடைத்த கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டுவந்து காலடியில் வைத்துவிட்டு, பிறந்ததிலிருந்து ஒரு வாய் கிடைக்காததுபோல நிமிர்ந்து பார்க்கும். நிஜமாகவே பசிக்கிற நாய்க்கு அவ்வளவு நடிப்பு வராது. பாவம், யாரும் எதுவும் போடவில்லை போலிருக்கிறது என்று மூவரும் தனித்தனியே முடிவு செய்தார்கள். நான்கு வருஷம் தனித்தனியே முடிவு செய்தார்கள்.

கிராம் சோபா பருமனுக்கு வந்தது. ஒருநாள் படியிறங்கும்போது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

"முழங்கால்ல தசைநார் கிழிஞ்சிருக்கு" என்றார் கால்நடை டாக்டரம்மா. "ஆபரேஷன் பண்ணினா நடக்கும். ஆனா இந்த உடம்புக்கு மயக்க மருந்து குடுக்க எனக்குத் துணிச்சல் இல்ல. அஞ்சு கிலோ இறக்கிக் கூட்டிட்டு வாங்க. ரொம்ப இழுத்தீங்கன்னா பாரம் தாங்காம இன்னொரு காலும் போயிடும்."

அன்றைக்கே தராசு வீட்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். தீனிக்கு அளவுக் கிண்ணம் வந்தது. பிஸ்கட் டப்பா அலமாரி உச்சிக்கு ஏறியது. இனி தான் ஒருவர்தான் நாய்க்குச் சாப்பாடு வைப்பது என்று அறிவித்துவிட்டு, வேலைக்குப் போய்வந்த மைத்துனனின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"மாமா, நான் உங்க மச்சான். லாரி இல்ல."

"லாரியும் அப்படித்தான் மாப்ளே சொல்லும்."

இவ்வளவு கறாரான மனிதர் சாயங்காலம் நாயை மெதுவாக நடத்திக்கொண்டு போவார். தெருமுனை பேக்கரி வாசலில் கிராமுக்குக் கால் வலி வந்துவிடும். உட்கார்ந்துவிடும். பேக்கரியைப் பார்க்கும்; அவரைப் பார்க்கும். நொண்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்த உயிருக்கு ஒரு பன் வாங்கிக் கொடுக்காதவன் மனிதனா? வெளியே தின்பது வீட்டுச் சாப்பாட்டில் சேராது என்று அவருக்குள் ஒரு சட்டம் தானாகவே இயற்றப்பட்டது.

இப்படியாக ஒன்றரை மாதம் கழித்து மூவரும் நாயோடு டாக்டரிடம் போனார்கள். தரையோடு தரையாக இருந்த எடைக்கருவியில் கிராம் ஏறி நின்றது. தினமும் அதைப் படியில் தூக்கி ஏற்றிய கைகளுக்கு முடிவு முன்கூட்டியே தெரியும். ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்காது, இன்னொரு காலும் போய்விடும் என்ற பயத்தில் தராசின் செருப்பு நகர்ந்து, நொண்டிப் பின்னங்காலுக்கு அடியில் போய் மெல்ல முட்டுக் கொடுத்தது. யோசித்துச் செய்ததாகச் சொல்லமுடியாது. இத்தனை வருஷம் பார்த்த வித்தை, கால் தானாகச் செய்தது. எண் சரசரவென்று இறங்கியது.

"பரவாயில்லையே" என்றார் டாக்டரம்மா. "நாளன்னிக்கே வெச்சுக்கலாம். மயக்க மருந்தை இந்த எடைக்குக் கணக்குப் போட்டு எடுத்து வெச்சிடறேன்."

தராசுக்கு அப்போதுதான் உறைத்தது. பொய் எடையோடு போகிற லாரி எங்கோ போய் எவனையோ ஏமாற்றும். இந்தப் பொய் ஊசியில் ஏறி நேராக நாய்க்குள் போகும்.

"டாக்டர்" என்றார். "பின்சக்கரம் வெளியில இருக்கு."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. தராசு செருப்பைப் பின்னுக்கு இழுத்தார். எண் ஏறி, போன தடவை நின்ற இடத்தையும் தாண்டிப்போய் நின்றது.

"பன்" என்றார் தராசு. "தினமும் சாயங்காலம்."

"தெரியும்" என்றாள் மனைவி. "பேக்கரிக்காரரே சொன்னார்."

"தெரிஞ்சுமா கேக்கல?"

அவள் மின்விசிறியைப் பார்த்தாள். "கேட்டா நீங்க முட்டையைப் பத்திக் கேப்பீங்களே."

"எந்த முட்டை?"

"நைட் ட்யூட்டி முடிச்சு வந்து நான் சாப்பிடறப்ப எதிர்ல வந்து உக்காந்துக்கறான். நான் என்ன கல்லா?"

மைத்துனன் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"நில்லு" என்றார் தராசு. "உன் சரக்கு என்ன?"

"பிள்ளைங்க மிச்சம் வைக்கிற சாண்ட்விச் மாமா. குப்பையில போட மனசு வரல. பையில கொண்டுவந்தா நீங்க தடவறீங்க. வேன்லயே வெச்சு, அவனை அங்க கூட்டிட்டுப் போயிடுவேன்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "நாய்க்கு மருந்து எழுதலாம். உங்க மூணு பேருக்கும் என்ன எழுதறது?"

வீடு திரும்பும் வழியிலேயே புதிய ஏற்பாடு உருவானது. தனி ஆள் யாரையும் நம்பவேண்டாம், தன்னையும் சேர்த்து என்றார் தராசு. மூவரும் பார்க்காமல் கிண்ணத்தில் ஒரு பருக்கையும் விழக்கூடாது. ட்யூட்டியில் இருப்பவர் வீடியோ காலில் வரவேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மனைவி, "கிண்ணத்தைக் காட்டுங்க... இப்ப கையைக் காட்டுங்க... ரெண்டு கையும்" என்று உத்தரவு போடுவதைக் கேட்ட மற்ற நர்சுகள், வீட்டில் பொல்லாத பிள்ளை ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். நடை பேக்கரி இல்லாத தெருவுக்கு மாறியது. பள்ளிக்கூட வேனுக்கும் நாய்க்கும் இருந்த உறவு அறுந்தது.

கிராம் முதல் தடவையாக மூன்று முகங்களையும் ஒரே நேரத்தில் பார்த்தது. கிண்ணத்தை யாரிடம் தள்ளுவது என்று தெரியாமல் நடுவில் வைத்துவிட்டு, பெருமூச்சு விட்டுப் படுத்தது.

"என்னை மட்டும்தான் பாக்கறான் மாமா" என்றான் மைத்துனன். மற்ற இருவருக்கும் அதே எண்ணம்தான். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு தப்பித்தார்கள்.

அடுத்த தடவை எடை போட்டபோது தராசு கருவிக்குப் பக்கத்திலேயே வரவில்லை. தெருவில் நின்றார். எடை போடுகிற இடத்தில் அவர் ஒதுங்கி நின்றது அவர் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். உள்ளேயிருந்து மனைவி வந்து, "தேதி குடுத்துட்டாங்க" என்றாள். "முந்தின ராத்திரியிலிருந்து எதுவும் குடுக்கக்கூடாதாம்." இருவரும் ஒருவரை ஒருவர் சற்று நேரம் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆபரேஷனன்று டாக்டரம்மா வந்து கதவைத் திறப்பதற்கு முன்பே மூவரும் நாயோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சமையலறை இருக்கிற வீட்டில் இருக்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. கிராம் டாக்டரம்மாவோடு திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனது. உள்ளே ஏதாவது கிடைக்கும் என்று நினைத்திருக்கும். தராசு பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், சுவரில் இருந்த பூனைப் படத்தை ஒரு விரோதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மனைவி தினமும் ஆபரேஷன் பார்க்கிறவள். அவள்தான் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய்க் கதவில் காதை வைத்தாள்.

நண்பகலுக்கு டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "நல்லா முடிஞ்சுது. கண்ணு முழிச்சாச்சு. வாலை ஆட்டறான்."

"எப்ப சாப்பிடலாம் டாக்டர்?" மூன்று குரலும் ஒன்றாக வந்தன.

டாக்டரம்மா மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். முந்தின ராத்திரி நாய்க்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட மனசு வராமல் அவர்களும் ஒரு வாய் தின்றிருக்கவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

"நாய் சாயங்காலம் கொஞ்சமா சாப்பிடலாம். அளவை நான் சொல்றேன்" என்றார். "நீங்க இப்பவே போய்ச் சாப்பிடுங்க. யாரும் பொட்டலம் கட்டிட்டு வரவேண்டாம்."