அய்யனாருக்கு இறங்கிப் போகிற இடம்

எங்கள் ஊர் அய்யனார் கோயிலைத் தாண்டும்போது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். சாமி குதிரைமேல் இருக்கிறார், அவர் எதிரில் நாமும் ஒன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டு போனால் நல்லாவா இருக்கும் என்பார்கள். ரோட்டோரமாக மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். முதல் குதிரைக்கு முன்னால் இறங்குவது, கடைசிக் குதிரையைத் தாண்டி ஏறுவது. மாட்டுவண்டிக்காரர்கள்கூட அந்த இடம் வந்தால் குதித்து நடப்பார்கள். இப்போது அந்த வழியாக அன்னவாசலுக்குப் போகிற பஸ் டிரைவர் ஒரு கையால் நெஞ்சைத் தொட்டு முத்திக்கொண்டு போகிறார். அதுவும் மரியாதைதான். பஸ்ஸை நிறுத்தி இறங்கச் சொல்ல முடியுமா?

நான் இன்னும் இறங்குகிறேன். வயது எழுபதை நெருங்குகிறது. என் சைக்கிளுக்கும் அந்தச் சாமிக்கும் நடுவில் ஒரு பேச்சு இருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் பொம்பளைகளுக்கு எழுத்தும் சைக்கிளும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த காலம் ஒன்று உண்டு. நான் மூன்றாவதோடு நின்றவள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அதற்கப்புறம் மறுபடி சிலேட்டைப் பிடித்தேன். சாயங்காலம் எழுத்து, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் சைக்கிள். எல்லாம் வாடகைக் கடையில் எடுத்த ஆம்பளை சைக்கிள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போடுவதற்குள் சுவரோரம் நின்ற ஆண்களில் ஒருவர் சொல்வார், "பாத்து ஏறு தாயி, சைக்கிளுக்கு வலிக்கப் போவுது."

பக்கத்து வீட்டு அக்கா கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார்.

"விட்ராதக்கா."

"விடலடி, நீ மிதி."

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன், மிதி."

ஒருநாள் அந்த "மிதி" எங்கேயோ தூரத்தில் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயம். நிறுத்தினால் விழுகிற சாமான், ஓடினால் மட்டும் எப்படி நிற்கிறது? எனக்கு இன்றைக்கும் தெரியாது. படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அக்கா கையை எடுத்துவிட்டார், அந்த இடத்தில் வேறு யாரோ பிடித்துக்கொண்டார் என்றுதான் எனக்கு அன்று தோன்றியது. உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது. இப்போதும் காலையில் ஏறி முதல் மிதி மிதிக்கும்போது அந்தப் புல்லரிப்பு கொஞ்சம் வரும்.

ஏறக் கற்றுக்கொண்டேன், மிதிக்கக் கற்றுக்கொண்டேன். இறங்க மட்டும் வரவில்லை. யாராவது ஓடிவந்து பிடித்தால்தான் இறங்குவேன். அந்த லட்சணத்தில் ஒருநாள் ஆசை தாங்காமல் மைதானத்தை விட்டு ரோட்டுக்குப் போய்விட்டேன். கொஞ்ச தூரத்திலேயே குதிரைகள் வந்துவிட்டன. இறங்க வேண்டும், இறங்கத் தெரியாது. பிரேக்கைப் பிடித்தால் சாமி முன்னாலேயே விழுவேன். வேறு வழியில்லை.

"அய்யா, எறங்கத் தெரியாதுய்யா, மன்னிச்சுக்கய்யா," என்று கத்திக்கொண்டே ஏறினபடியே போனேன். கோயிலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியும் கையுமாக எழுந்து நின்று பார்த்தார்கள். கடைசிக் குதிரையைத் தாண்டி ஒரு வைக்கோல் போரில் போய்ச் செருகினேன். தலையெல்லாம் வைக்கோலோடு அங்கேயே கும்பிட்டேன். "எறங்கக் கத்துக்குடுய்யா. உசுரு இருக்கிற வரைக்கும் ஒன் முன்னாடி எறங்காமப் போக மாட்டேன்."

அந்த வாரமே இறங்க வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்காரருக்குச் சைக்கிள் ஓட்ட வராது. சின்ன வயதில் மாடு முட்டி இடுப்பில் பட்ட அடி. ஆகவே அவர் கேரியரில், மகன் முன்பாரில், நான் நடுவில். வயலுக்கும் அப்படித்தான், சந்தைக்கும் அப்படித்தான். டீக்கடையில் அவரை விட மாட்டார்கள்.

"என்ன மாப்ள, டிரைவர் வச்சுட்டீங்க போல?"

"ஆமா மாப்ள. சம்பளமும் கெடையாது. சோறும் அவளே ஆக்கிப் போட்டுர்றா."

கோயில் வந்தால் மூன்று பேரும் இறங்குவோம். மகன் குதிரைகளின் காலைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே வருவான்.

பிறகு ரோடு அகலமானது. புளியமரங்கள் போயின. ரோடு அகலமானதில் எங்களுக்கு இருந்த ஓரம் காணாமல் போனது. வெள்ளைக்கோடு, கோட்டைத் தாண்டி ஒரு சாண் மண், அதற்கப்புறம் பள்ளம். ஜல்லி ஏற்றின டிப்பர் லாரி வரும்போது முதலில் சத்தம் வரும், அப்புறம் காற்று வரும், அப்புறம் தூசி. அவ்வளவு பெரிய இரும்பு மலை முழங்கைக்குப் பக்கத்தில் போகிறது, நான் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறேன் என்பது ஒவ்வொரு தடவையும் எனக்கு அதிசயமாகவே இருந்தது. தூசி அடங்கினதும் "அப்பா, அய்யனாரே" என்று மூச்சு விடுவேன்.

லாரி ஓட்டுகிற பையன்கள் தலையை நீட்டிக் கேட்பார்கள். "அப்பத்தா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

"நான் சொல்லிட்டுத்தான் வந்தேன்ப்பா. நீயும் ஒன் வீட்ல சொல்லிட்டு வா, மெதுவாப் போவேன்னு."

சிலர் சிரிப்பார்கள். சிலர் இன்னொரு தரம் ஹாரனை அழுத்துவார்கள்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, முன்கூடையில் பூவும் விளக்குக்கு எண்ணெயும். முதல் குதிரை வந்தது. வழக்கம்போல் ஒரு காலைத் தரையில் ஊன்றி மறுகாலை எடுத்தேன். சைக்கிள்காரருக்கு அந்த நேரம்தான் பொல்லாத நேரம், பாதி வண்டியிலும் பாதி மண்ணிலும் இருப்போம். பின்னால் வந்த டிப்பர் என்னைத் தொடவில்லை. அதன் காற்று தொட்டது. பள்ளத்தில் கிடந்தேன். கண்ணைத் திறந்தபோது எனக்கு மேலே மண்குதிரையின் வயிறும் முழித்த கண்ணும் தெரிந்தன. குதிரை என்னைத் தாண்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. வலது மணிக்கட்டு ஒடிந்திருந்தது. உயிர் இருந்தது.

டிப்பர் நிற்கவில்லை. மற்றவர்கள் நின்றார்கள், தூக்கினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் ஆளாளுக்குக் கேட்டது ஒன்றுதான்.

"ஏன் பாட்டி ரோட்டுல எறங்குனீங்க?"

"இந்த வயசுல சைக்கிள் தேவையா?"

மாவுக்கட்டுப் போட்ட இடத்திலும் அதையே கேட்டார்கள். அந்த லாரி ஏன் அவ்வளவு ஒட்டி வந்தது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எனக்கே அது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் தோன்றியது.

சிங்கப்பூரிலிருந்து மகன் லீவு போட்டு வந்தான். கையைப் பார்த்தான். கடைக்குப் போய்ச் சங்கிலியும் பூட்டும் வாங்கி வந்து சைக்கிளை ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டினான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இனி வேணாம்மா."

"நேர்ச்ச இருக்குப்பா."

"ஓட்டுனாத்தானே எறங்கணும்? ஓட்டாத. நேர்ச்ச தன்னால முடிஞ்சுரும்."

"உசுரு இருக்கிற வரைக்கும்னு சொன்னேன். சைக்கிள் இருக்கிற வரைக்கும்னு சொல்லலையே."

"அங்க எனக்கு ஊர்லேருந்து போன் வந்தாலே, அய்யனாரக் கூப்பிட்டுட்டுத்தான்மா எடுக்குறேன். ஒனக்கு அது தெரியுமா?"

எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர்தான் இடையில் வந்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. எனக்குத்தான் கேரியர் போச்சு."

கடைசியில் மகனே சொன்னான். "சரி, பூப்போட்டுக் கேட்ருவோம். சாமி ஓட்டுன்னு சொன்னா ஓட்டு. வேணாம்னு சொன்னா விட்ரணும்."

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கும் கிணறு வெட்டுவதற்கும் அப்படிக் கேட்பதுதான். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. சாமி வேண்டாம் என்றுவிட்டால் அதற்கு மேல் பேச்சே இல்லை. சும்மா இருந்த சைக்கிள் பெல்லை இடது கையால் ஒருதரம் அடித்துப் பார்த்தேன்.

கோயிலுக்குப் போகும் அன்று, அப்பா அவ்வளவு தூரம் நடக்க மாட்டார் என்று மகன் பூட்டைத் திறந்து என் சைக்கிளை எடுத்தான். அவரைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனான். நான் பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவன் அந்த ரோட்டில் சைக்கிள் ஓட்டி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்.

முதல் குதிரை வந்தது. அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் உடம்பே இறங்கியது. அப்பாவையும் இறக்கினான். அப்போது ஒரு டிப்பர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. மகன் ஒரு கையால் அப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையில் சைக்கிளோடு, குதிரைமேல் சாய்ந்துகொண்டான். வேட்டி படபடவென்று அடித்தது. ஒதுங்க அவனுக்கு இருந்தது அந்தக் குதிரையின் கால் மட்டும்தான். இத்தனை வருஷமாக நான் அந்த இடத்தில் எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. அவனைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஸ்கூட்டர் பெண் "அய்யய்யோ" என்று மெல்லச் சொன்னாள்.

தூசி அடங்கியது. அவன் முகம் வெளுத்திருந்தது. கடைசிக் குதிரை வரைக்கும் அப்பாவின் கையை விடாமல் நடந்தான்.

பூசாரி இரண்டு பொட்டலங்களையும் சாமி காலடியில் குலுக்கி வைத்தார். "என்ன கேக்கணும், சொல்லுங்க."

மகன் ரோட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "எங்க அம்மா சைக்கிள் ஓட்டலாமா வேணாமான்னு கேக்க வந்தேன்," என்றான். "அது வேணாம். குதிரைக்குப் பின்னாடி பழைய வண்டிப்பாத ஒண்ணு இருந்துச்சுல்ல? அத வெட்டித் தொறக்க உத்தரவு கேளுங்க."

பூசாரி நிமிர்ந்து பார்த்தார். குதிரைகளுக்குப் பின்னால் இருப்பது கோயில் காடு. அதில் ஒரு சுள்ளி ஒடிக்கக் கூடாது, விழுந்த விறகைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. அந்த வண்டிப்பாதையில் சீமைக்கருவை மண்டிப் போய், எல்லாரும் தொடப் பயந்து அப்படியே விட்டிருந்தோம்.

"சாமி காடு தம்பி. தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதான் கேக்குறேன். சாமிக்கு நாம எறங்கணும்னு இருக்கு. எறங்க எடம் இல்ல. எடத்த அவருதான் குடுக்கணும்."

சாமி என் சைக்கிளை விட்டுவைப்பாரா, எடுத்துக்கொள்வாரா என்று பயந்து வந்தவள் நான். இவன் கேட்டது வேறொன்றாக இருந்தது. ஆனால் அதற்குள்ளேயே என்னுடையதும் இருந்தது.

வீட்டுக்காரரைத்தான் எடுக்கச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். இலையைப் பிரித்தார் பூசாரி.

வெள்ளை.

பூசாரி அந்தப் பூவை அப்படியே என் தலையில் வைத்தார்.

அரிவாளோடு ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். டீக்கடையில் எங்கள் வீட்டுக்காரரைக் கேலி பேசியவர்கள் பாதிப் பேர், கேலி பேசியவர்களின் மகன்கள் பாதிப் பேர். கருவையை மட்டும்தான் வெட்டினார்கள். பழைய மரங்களில் ஒரு இலையைத் தொடவில்லை. முதல் குதிரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே ரோட்டை விட்டுப் பிரிந்து, காட்டுக்குள் போய், சாமிக்குப் பக்கத்தில் வந்து, கடைசிக் குதிரையைத் தாண்டி மறுபடி ரோட்டில் சேர்கிறது பாதை. அவ்வளவுதான் அதன் நீளம். அப்புறம் மறுபடியும் வெள்ளைக்கோடு, ஒரு சாண் மண், டிப்பர். அதற்கு யாரிடம் பூப்போட்டுக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மகன் திரும்பிப் போகிறபோது சங்கிலியைக் கழற்றித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டான். சைக்கிளுக்குப் பின்னால் சிவப்பு லைட் ஒன்று மாட்டியிருந்தான்.

"பயம் போயிருச்சாப்பா?" என்று கேட்டேன்.

"போகலம்மா. அப்படியேதான் இருக்கு. பாத்துப் போ."

கட்டுப் பிரித்து, கை பிடிமானம் வந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன். முந்தின நாள் மழை. பாதையின் செம்மண் ஈரமாக, மெழுகினது மாதிரி இருந்தது. இந்தப் பக்கத்தில் இன்னும் சைக்கிள் மிதிப்பது நான் ஒருத்திதான், எனக்காகவா இத்தனை பேர் வெட்டினார்கள் என்ற கூச்சத்தோடு பாதைக்குள் திரும்பினேன்.

மண்ணில் டயர் தடம். ஒன்றல்ல, மெல்லிசாகப் பல. பின்னிப் பின்னிப் போயிருந்தன. எனக்கு முன்னாலேயே விடிந்ததும் யார் யாரோ போயிருக்கிறார்கள். முதல் குதிரையின் முதுகு தெரிகிற இடம் வரைக்கும் டயர் தடம் மட்டும். அங்கிருந்து ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில் கால் தடம். செருப்புக்கால், வெறுங்கால், பள்ளிக்கூடத்து ஷூக்கால், ஒரு காலை இழுத்து நடக்கிற யாரோ ஒரு வயசானவரின் கால். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அங்கே எழுதியும் போடவில்லை. எல்லாரும் அந்த இடத்தில் இறங்கியிருக்கிறார்கள்.

நானும் இறங்கினேன். இத்தனை பேர் எங்கே இருந்தார்கள் என்று நினைத்தபடி வெகுநேரம் நின்றேன். அந்தத் தடங்களை மிதிக்க மனசு வரவில்லை. பாதையின் ஓரமாகவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு விளக்கேற்றப் போனேன்.