மழையில் நனையாத என் பாலம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. கொழும்பில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த எங்களைக் களப்பயிற்சிக்காகப் பேராதனைக்குக் கூட்டி வந்திருந்தார்கள். என் வீடு கண்டியில்தான். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த வாப்பா முதல் நாளே சொல்லிவிட்டார்: "இதுல பாஸாகாட்டி படிச்சது போதும் மகன், கடையில வந்து இரிங்க."

எங்கள் விரிவுரையாளர் யாழ்ப்பாணத்தவர். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து ஓடையின் மேல், கொழுந்து பறிப்பவர்கள் நடக்க ஒரு பலகைப் பாலம் வரைந்து வரச் சொன்னார். எனக்கா தெரியாது? பாடப்புத்தகத்துச் சூத்திரம் எல்லாம் தலைகீழாகத் தெரியும். ஆள் எடை, கூடை எடை எல்லாம் போட்டு அன்றைக்கே கொடுத்துவிட்டேன். திரும்பி வந்த தாளில் சரியும் இல்லை, பிழையும் இல்லை. மூலையில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. எல்லோருடைய தாளிலும் அதேதான். என்ன பிழை என்று போய்க் கேட்டேன்.

"பாலத்தில நடக்கிற ஆக்களைப் பாத்தனீரோ?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பாடம் சொல்லித்தர வந்தவரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் நான் யாரிடம் போவது? எரிச்சலோடு ஹந்தானைக்கு ஏறினேன். அங்கே ஏற்கெனவே கிடந்த பழைய பலகையின் நடுவில் நின்று அளந்துகொண்டிருந்தபோது மழை பிடித்தது. கொழுந்து நிறுக்கக் கொம்பு ஊதினார்கள். கூடையோடு பெண்கள் மொத்தமாக ஓடி வந்தார்கள். பலகை என் காலடியில் வளைந்து தண்ணீரைத் தொட்டது. கைப்பிடி கிடையாது. உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன். முன்னால் வந்தவள் என் தோளைப் பிடித்துக் கரைக்குத் தள்ளினாள்.

"கொம்பு ஊதுனா ஒவ்வொருத்தராவா வருவோம், ஐயா?" என்றாள்.

அவள் இறக்கி வைத்த கூடையைத் தூக்கிப் பார்த்தேன். நனைந்த கொழுந்து கல்லாய்க் கனத்தது. என் கணக்கில் அவர்கள் காய்ந்த கொழுந்தோடு ஒருவர் பின் ஒருவராக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

பாலத்தை மாற்றி வரைந்தேன். நனைந்த கொழுந்தின் எடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. 'தெரியாது, நிறுத்துப் பார்க்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இனிக் கடைதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். விரிவுரையாளர் வாசித்தார், பாஸ் போட்டார். முழு விடை எழுதியபோது கிடைக்காதது, தெரியாது என்றதும் எப்படிக் கிடைத்தது? எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

"என்னத்தப் படிச்சு பாஸானீங்க?" என்று வாப்பா கேட்டபோது அந்தத் தாளையே எடுத்து நீட்டினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பாலங்கள் கட்டிவிட்டேன். வாப்பாவின் கேள்விக்கு இன்றும் ஒழுங்கான பதில் இல்லை, ஆனால் மழை பெய்யும்போது பாலம் வரப்போகும் இடத்தில் ஒருமுறை போய் நிற்காமல் எந்த வரைபடத்திலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.