சாட்சி சொன்ன ஞாயிறு

மலைமேல் புதூர்நாட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாகப் பல வருடம் இருந்தேன். வாரத்தில் ஆறு நாள் மைக்ராஸ்கோப், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம். போதகர் மாதம் ஒருமுறைதான் மலை ஏறுவார், மற்ற ஞாயிறுகளில் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சபைக்கு அது வசதியாகப் போயிற்று.

லேபில் நான் வேறு ஆள். சளியை ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றிப் பார்ப்பேன். சந்தேகம் என்றால் கூச்சமே இல்லாமல் எழுதுவேன்: தெளிவில்லை, மறுபடி பார்க்க வேண்டும். நான் பார்த்து முடித்த ஸ்லைடுகளைத் திருப்பத்தூரில் இன்னொருவர் திரும்பப் பார்ப்பார். தப்பு இருந்தால் சொல்லுவார். அதில் எனக்கு ரோஷம் வந்ததே இல்லை. என் பிரசங்கத்தைத் திரும்பப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

சபைக்குப் புதிதாக வந்துகொண்டிருந்த ஒரு பெண், காசநோய்க்கு எங்களிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். புளி உலுக்கும் வேலைக்குப் போகிறவள். இரண்டு மாதம் முடிந்ததும் சளி பார்த்தேன், கிருமி தெரியவில்லை. நல்ல செய்திதான். ஆனால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, இன்னும் நாலு மாதம் மாத்திரை உண்டு. இதை அவளிடம் நானேதான் சொன்னேன். அது வெள்ளிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம். ஆண்டவர் செய்த நன்மையை அவரவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அன்றைக்கு யாரும் எழவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, அவளைக் கைகாட்டி எழுப்பினேன். "கிருமி தெரிலன்னு சொன்னாங்க" என்று இழுத்தாள். நான் விடுவேனா? "பூரண சுகம்னு சொல்லும்மா" என்றேன். சொன்னாள். சபை அல்லேலூயா என்றது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதன்பிறகு அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவதைச் சபையில் பார்த்தேன். மலைக்குளிர் என்று விட்டுவிட்டேன். மழைக்காலத்தில் எலும்பும் தோலுமாக லேபுக்கு வந்து நின்றாள். அந்த ஞாயிறோடு மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். நர்ஸ் கேட்டபோதெல்லாம் சாப்பிடுவதாகத் தலையாட்டியிருக்கிறாள்.

"ஏம்மா நிறுத்தினே?"

"எல்லார் எதிர்லயும் சுகம்னு சொல்லிட்டு, வூட்ல ஒக்காந்து மாத்திர துண்ணா இன்னாண்ணா அர்த்தம்? கர்த்தர நம்பலன்னு ஆயிடாதா?"

சளி டப்பா ஒன்றை எடுத்து அதன்மேல் அவள் பெயரை எழுதினேன். அவளே மெதுவாகக் கேட்டாள்: "உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சுண்ணா. அதனாலதான் திரும்பி வந்துச்சா?"

உயிர்த்தெழுந்த ஆண்டவரின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சீடனை எத்தனை பிரசங்கத்தில் மட்டம் தட்டியிருப்பேன். ஆண்டவர் அவனை விரட்டவில்லை, கையை நீட்டிக் காட்டினார் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. உறைத்து என்ன பிரயோஜனம். 'உன் சந்தேகம் தப்பில்லம்மா, தப்பு என்னுது' என்று சொல்லியிருக்கலாம். சபைக்கு முன்னால் தலைகுனிய வேண்டிவருமே என்று பயந்தேன். டப்பாவை நீட்டி, "காலைல சளி எடுத்தாந்து குடும்மா" என்றேன். பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

பொங்கலுக்கு முன் இறந்துபோனாள். அடக்க ஆராதனையில் நான்தான் பேசினேன். கடைசிவரை சந்தேகமில்லாத விசுவாசி என்றேன். சபை ஆமென் என்றது.